பழைய ஜீப்புக்கு வாட்டர் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். வண்டி 1990களில் வந்த மகிந்திரா எம்எம் 540, நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப். சேலத்திலிருந்து ஏறும்போது பாதி வளைவு தாண்டுவதற்குள் ஹீட் முள் மேலே போய்விடுகிறது, முன்பக்கம் தண்ணீரும் சொட்டுகிறது. மெக்கானிக், எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற விடுகிற வாட்டர் பம்ப் போய்விட்டது என்கிறார். கிட் (உள்ளே இருக்கும் சீல், பேரிங் செட்) மட்டும் மாற்றலாமா, முழு பம்ப்பே வாங்கலாமா? கடையில் காட்டிய இரண்டில் ஒன்றின் விலை மற்றதில் பாதிகூட இல்லை. (ஏற்காடு வாசகர்)

பதில்: பம்ப்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே ஹோஸ் கசிந்து பம்ப் மேல் வழிந்தாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பம்ப்பின் அடிப்பக்கம் உள்ள சின்னத் துளையைப் பாருங்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரத்தான் அந்தத் துளை. அங்கே ஈரமோ, காய்ந்த கறையோ இருந்தால் சீல் முடிந்தது. அந்தத் துளையில் எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. அடைத்தால் அடுத்து பேரிங் போகும். ஃபேன் பம்ப் தண்டிலேயே மாட்டியிருக்கிற வண்டிகளில் பேரிங் உடைந்தால், ஃபேன் முன்னால் வந்து ரேடியேட்டரையும் கிழித்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மலை ஏற வேண்டாம்.

மலையில் மட்டும் ஏன் முள் ஏறுகிறது? ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கீழ் கியரில், பாரத்தோடு, மெதுவாக ஏறுகிறீர்கள். எதிர்க்காற்று அதிகம் கிடைக்காது. சூட்டை இறக்குகிற வேலை முழுக்க ஃபேன், பம்ப் தலையில்தான். சமதளத்தில் சமாளித்துக்கொள்கிற பம்ப் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கிட் மலிவுதான். ஆனால் பேரிங்கையும் ஹப்பையும் (தண்டின் முனையில் புல்லி மாட்டுகிற பாகம்) பிரஸ்ஸில் வைத்து நேராக ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும், சீல் உட்காரும் முகமும் அரிக்காமல் இருக்க வேண்டும். பம்ப்பைத் திறந்ததும் உள்ளே துருக்குழி தெரிந்தால் கிட் காசு வீண். மலையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு நான் முழு பம்ப்பையே சொல்வேன். பழைய வார்ப்பு உடல் நன்றாக இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், பிறகு உதவும்.

கடைக்கு வெறும் வண்டிப் பெயரோடு போகக்கூடாது. பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றியவை நிறைய, அதனால் எஞ்சின் வகையையும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். கழற்றிய பம்ப்பைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: போல்ட் துளைகள், ஹப் உயரம், இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரம்) அகலம், இறக்கைகள் வளைந்திருக்கும் திசை. மலிவுச் சரக்கு பெரும்பாலும் இம்பெல்லரில்தான் மாட்டும். இம்பெல்லருக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி கூடினால் தண்ணீர் தள்ளும் வேகம் குறையும். தகடு இம்பெல்லர் எல்லாமே மட்டம் என்றும் சொல்ல முடியாது. தண்டில் இறுக்கமாக இருக்கிறதா என்பதே முக்கியம். கையால் சுற்றினால் லேசான பிடிப்பு இருக்கலாம், கரகரப்பு இருக்கக்கூடாது. அட்டைப் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இல்லையென்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், பழைய பம்ப் ஏன் போனது? போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் உப்பும் துருவும் சேர்ந்து சீலைத் தின்றிருக்கும். புது பம்ப்புக்கும் அதே கதிதான். துருவைக் கழுவி எடுத்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், ஆகவே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிப்பைத் தள்ளிப்போடுகிற ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் சரியாக இருக்க வேண்டும். பெல்ட்டை வில் நாண் மாதிரி முறுக்கி வைத்தால் பேரிங் சீக்கிரம் போகும். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கட்டும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் ஹீட் ஆகாது சார்" என்பார்கள் (சூட்டுக்குத் தகுந்தபடி தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடுகிற வால்வு அது). கேட்காதீர்கள், பழுதென்றால் புதிதாக மாற்றுங்கள்.

கேள்வி: சேலத்தில் வாங்கிய பம்ப் ஒரு வாரத்திலேயே ஒழுகுகிறது. பில் கேட்டபோது வரி சேரும் என்று துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். இப்போது எலக்ட்ரிக்கல், எஞ்சின் சாமான்களைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: வரி சேரும் என்ற பேச்சை அடுத்த முறை ஏற்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே மாதிரி 18 சதவீத ஜிஎஸ்டிதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள்.

கடைக்காரர் "மாட்டியவர் தப்பு" என்பார். அதற்காகத்தான் பம்ப் ஒழுகுவதைக் கழற்றும் முன்பே வீடியோ எடுத்து, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டையும், ஃபோனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரத்தையும் வைத்திருங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் நடக்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

கேள்வி: அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா?

பதில்: ரேடியேட்டரில் ஊசி முனை ஓட்டை என்றால் வீடு வந்து சேர உதவலாம். பம்ப் சீலுக்கு அது ஒன்றும் செய்யாது, உள்ளே குழாய்களைத்தான் அடைக்கும். மஞ்சளைக் குழம்புக்கு வையுங்கள்.