பாட்டனி கிடைத்திருக்கிறது, சேரலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீட் எழுதினேன், எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் கிடைத்திருக்கிறது. "செடி கொடியைப் படிச்சு என்ன பண்ணப் போற, பேசாம நர்சிங் போ" என்கிறார் அப்பா. பாட்டனிக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?
– ஒரு மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை. வெறும் பி.எஸ்சி. பாட்டனியை வைத்துக்கொண்டு வேலை தேடினால் மெடிக்கல் ரெப், பேங்க் தேர்வு, குரூப் 4 என்று யாருக்கும் கிடைக்கிற வேலைகள்தான் கண்ணில் படும் (குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதற்கு எதற்கு மூன்று வருஷம் பூவை அறுத்துப் பார்க்க வேண்டும்?).

மீதிப் பாதி என்னவென்றால், ஒரு செடியைக் கையில் கொடுத்தால் இது இன்ன குடும்பம், இன்ன சிற்றினம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது அபூர்வம், ஆனால் அவர்களுக்கான தேவை அப்படியேதான் இருக்கிறது. சுரங்கம், அணை, நெடுஞ்சாலை என்று பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டுப் போகும்போது அந்த இடத்தில் என்னென்ன தாவரம் இருக்கிறது என்ற பட்டியலும் போக வேண்டும், அதைத் தயாரிக்கிற கன்சல்டன்சிகளுக்குப் பல்லுயிர் தெரிந்த ஆள் வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துக் கம்பெனிகளிலும் இதே கதைதான். அசோகப் பட்டை என்று வருகிற மூட்டையில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்துவிடுவது பழைய மோசடி. காய்ந்து துண்டாகிப் போன பட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எது அசல் என்று சொல்ல பாட்டனி படித்தவர்தான் வர வேண்டும்.

சேர்ந்துவிட்டால் ஒன்று செய்யுங்கள். ஹெர்பேரியம் ஷீட்டை, அதாவது செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி விவரம் எழுதுகிற பதிவை, மார்க்குக்காகச் செய்யாதீர்கள். சீனியர் ஷீட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற வேலை பல கல்லூரிகளில் நடக்கிறது, அது வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர்க் கரிசல் காட்டில், கண்மாய்க் கரையில் முளைக்கிறதைப் பறித்து, இடம், தேதி, பூவின் நிறம் எல்லாம் அங்கேயே எழுதி வையுங்கள், ஏனென்றால் காய்ந்த பிறகு பல பூக்களில் நிறம் நிற்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம் போனால் மட்டும் கவனம், அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் உள்ள ராபினட் ஹெர்பேரியம், கோவையில் இருக்கும் பி.எஸ்.ஐ. (நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கிற மத்திய அரசு நிறுவனம்) தென்மண்டல மையம், இரண்டையும் படிக்கும்போதே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள். பெரிய இடம் என்று தயங்க வேண்டாம்.

கேள்வி: பாட்டனி முடித்துவிட்டு வேளாண் அலுவலர் ஆகலாமா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: முடியாது. அதற்கு பி.எஸ்சி. அக்ரி வேண்டும், தோட்டக்கலை அலுவலருக்குத் தோட்டக்கலைப் பட்டம். சேரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, மூன்று வருஷம் கழித்து நோட்டிபிகேஷனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் இந்திய வனப் பணிக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம், தாவரவியல் அங்கே தகுதிப் பட்டமும்தான், விருப்பப் பாடமும்தான். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.காரர்கள் எழுதுகிற அதே தேர்வு, மெயின் மட்டும் தனி.

கேள்வி: எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கிறேன். காடு மேடு சுற்றுவதில் ஆர்வமில்லை, லேப்தான் பிடிக்கும். எனக்கு வழி உண்டா?
– ஒரு மாணவர், தர்மபுரி

பதில்: தாராளமாக. உங்களுக்குப் பக்கத்திலேயே ஓசூர் இருக்கிறது, பூ வளர்ப்பும் திசு வளர்ப்பும் (செடியின் சிறு துண்டிலிருந்து லேபில் கன்று உருவாக்குவது) நடக்கிற ஊர். இன்று விவசாயிகள் நடுகிற ஜி-9 வாழைக் கன்று லேபில் பாட்டிலுக்குள் வளர்ந்து வருவதுதான். கையில் வேலை தெரிந்தால் உள்ளே போகலாம், ஆனால் ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிதான் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ், கேட் (GATE) என்ற இரண்டு தேசியத் தகுதித் தேர்வுகளுக்கும் இந்த வருஷமே படிக்க ஆரம்பியுங்கள். நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் அதோடு பி.எச்டி. செய்யலாம், கிடைக்காமல் சொந்தக் காசில் பி.எச்டி. என்றால் நான் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிக்கச் சொல்வேன். அப்புறம், காட்டை அடியோடு ஒதுக்காதீர்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பாருங்கள், கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் குரோமோசோம் ஆராய்ந்தவர், பிற்பாடு நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கிற பி.எஸ்.ஐ.யைச் சீரமைக்கும் பொறுப்பும் அவரிடம்தான் வந்தது.

கேள்வி: ஆசிரியர் வேலை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பள்ளியில் முதுகலை ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.யோடு பி.எட்., பிறகு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு. மேல்நிலை வகுப்பில் தாவரவியல் தனிப் பாடமாக இருப்பதால் பணியிடம் வரும், எப்போது வரும் என்பதுதான் கேள்வி. கல்லூரிக்கு நெட், செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) அல்லது பி.எச்டி. வேண்டும். அதை முடித்தவர்களும் கௌரவ விரிவுரையாளராகவே வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அதனால் பி.எட்.டையும் சேர்த்து முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.