மங்கு உள்ள மாநிற முகத்துக்கு ஏழு நிற எல்.இ.டி. முகமூடி வாங்கலாமா?

தாடையில் அடிக்கடி பரு, இரண்டு கன்னங்களிலும் மங்கு (மெலாஸ்மா என்னும் கருந்திட்டு), வீட்டிலேயே பயன்படுத்த ஏழு நிற ஒளி முகமூடி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வாங்காதீர்கள். சிவப்பு ஒளி மட்டும் தரும் கருவி என்றால் யோசிக்கலாம். மங்கு இருக்கும் கன்னத்தில் நீல ஒளி படவே வேண்டாம்.

பருவுக்கு நீல ஒளி உதவும் என்பது உண்மைதான். பருவில் வளரும் பாக்டீரியா போர்ஃபிரின் என்னும் பொருளை உண்டாக்குகிறது. சுமார் 415 நானோமீட்டர் நீல ஒளியை அது உறிஞ்சும்போது உருவாகும் வேதிப்பொருள்கள் அந்தப் பாக்டீரியாவையே அழிக்கின்றன. ஆனால் அதே அலைநீள ஒளி, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறமிச் செல்களையும் தூண்டுகிறது. இதே 415 நானோமீட்டரையும் 630 நானோமீட்டர் சிவப்பையும் தோலில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. நீலம் பட்ட இடம் கருத்தது, அந்தக் கருமை வாரக்கணக்கில் நீடித்தது. சிவப்பு பட்ட இடத்தில் அப்படி எதுவும் நேரவில்லை. வெள்ளைத் தோலில் இந்த விளைவு பெரிதாகத் தெரிவதில்லை. முகமூடி விளம்பரங்களில் வருபவர்களோ பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள்! மங்கு எவ்வளவு பிடிவாதமானது என்று அது வந்தவர்களுக்குத் தெரியும். பருவுக்கு வேறு மருந்துகள் எத்தனையோ இருக்கும்போது இந்த அபாயம் உங்களுக்கு எதற்கு?

நான் வைத்திருப்பது 630 நானோமீட்டர் சிவப்பும் 830 நானோமீட்டர் அகச்சிவப்பும் தரும் கருவி. முகம் கழுவித் துடைத்துவிட்டு, கிரீம் எதுவும் பூசுவதற்கு முன் அதைப் பயன்படுத்துகிறேன். பரு எழுந்த இடத்தில் வீக்கமும் எரிச்சலும் சீக்கிரம் தணிகின்றன. பழைய பருக்குழிகளில் எந்த மாற்றமும் இல்லை. மங்கைப் போக்கும் என்று எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம்.

எத்தனை விளக்குகள் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது முக்கியமில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று பாருங்கள். 30 மில்லிவாட் தரும் கருவியைப் பத்து நிமிடம் வைத்தால் அந்தச் சதுர சென்டிமீட்டரில் 18 ஜூல் ஒளியாற்றல் சேரும். அந்த எண்ணையும் அலைநீளத்தையும் சொல்லாத கருவியை வாங்கி எதை நம்புவது? கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பலன் என்றும் நினைக்காதீர்கள். அளவு மிஞ்சினால் பலன் குறையவும் கூடும்.

கண்ணைப் பற்றி வற்புறுத்தியே சொல்கிறேன். நியூட்ரோஜீனாவின் பரு முகமூடி 2019இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சில விழித்திரை நோய்கள் உள்ளவர்களுக்கும், கண்ணின் ஒளியுணர்வைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் பாதிப்பு வரலாம் என்ற கவலைதான் காரணம். கண்காப்பு இல்லாத முகமூடி வேண்டாம். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலோ, தோல் மருத்துவரைக் கேட்காமல் எந்த ஒளிக் கருவியையும் தொடாதீர்கள்.

தீவிர ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சி முடி நீக்கும் ஐ.பி.எல். கருவிகளை இவற்றோடு சேர்த்து விற்கிறார்கள். அது முற்றிலும் வேறு. மெலனினைச் சூடாக்கித்தான் அது வேலை செய்கிறது. கருத்த தோலில் தீக்காயமே உண்டாகலாம்.

முகமூடிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். மங்கைக் கருக்கவைக்கும் வெயிலின் நீல ஒளி அதைத் தாண்டி வந்துவிடும். தாடைப் பருவுக்குத் தோல் மருத்துவரிடம் அசெலாயிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். பரு, மங்கு இரண்டுக்குமே அதை எழுதித் தருகிறார்கள்.