கராஜில் தோட்டா ரீலோடிங், ரத்தத்தில் ஈயம் 19

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன், வயது 38. இரண்டு வருடமாக வாரம் ஒருமுறை இன்டோர் ரேஞ்சுக்குச் சுடப் போகிறேன். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டு கராஜிலேயே ரீலோடிங், அதாவது அவற்றில் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் வேலை, செய்கிறேன். போன மாதம் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் என்று வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் ஈயம் உருக்குவதில்லை, செம்பு உறை போட்ட குண்டுகளைத்தான் வாங்குகிறேன், அப்புறம் எப்படி ஏறியது? நிறைய பால் குடித்தால் இறங்கிவிடும் என்கிறார் நண்பர். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, மனைவி நான்கு மாத கர்ப்பம்.

பதில்: நீங்கள் கடைசி வரியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். இந்த வாரமே குழந்தைக்கும் மனைவிக்கும் ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள். மனைவியின் மகப்பேறு மருத்துவரிடம் உங்கள் 19ஐயும் கராஜ் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் தாயின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021இல் குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று ஒரு கோடு போட்டது, அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்பதற்காக அல்ல, அதைத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று உடனே தேட வேண்டும் என்பதற்காக.

இப்போது உங்கள் கேள்வி. எல்லாரும் குண்டையே பார்க்கிறார்கள், கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடியான பிரைமரை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈய உப்பு இருக்கிறது, அது வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஈயம் புகையாகவும் மிக நுண்ணிய தூளாகவும் உங்கள் முகத்துக்கு நேரே வெளியே வருகிறது. செம்பு உறை போட்ட குண்டிலும் பல வகைகளில் அடிப்பக்கம் மூடியிருக்காது, சூடான வாயு அந்தத் திறந்த ஈயத்தை அரித்துக்கொண்டு போகும். அடியும் சேர்த்து மூடிய குண்டும் ஈயமில்லாத பிரைமரும் போட்ட தோட்டாக்கள் கிடைக்கின்றன, விலை கூடத்தான், ஆனாலும் இன்டோரில் சுடுகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ரேஞ்சில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கிப் போக வேண்டும். புகை உங்கள் முகத்துக்கே திரும்பி வருகிறதென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் 19 வரை ஏறியதற்கு எனக்கு அதிக சந்தேகம் உங்கள் கராஜ் மேல்தான். கூடுகளைப் பளபளப்பாக்க சோளத்தட்டைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு மணிக்கணக்காகக் குலுக்கும் உலர் டம்ப்ளர் வைத்திருக்கிறீர்களா? கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் பிரைமர் கரியெல்லாம் அந்தத் தூளில்தான் இறங்குகிறது. மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டிச் சலிக்கும்போது எழும்புகிற புழுதி இருக்கிறதே, கண்ணுக்குச் சாதாரணத் தூசி, உள்ளே அத்தனையும் ஈயம் கலந்தது. அது தரையில், வண்டிமேல், குழந்தையின் சைக்கிள்மேல் படியும். பல வீடுகளில் வாஷிங் மெஷினும் அந்தப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. உலர் டம்ப்ளரை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். தண்ணீரும் ஸ்டீல் ஊசிகளும் போட்டு உருட்டும் ஈர முறைக்கு மாறினால் தூசி எழும்பாது. ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரிலும் ஈயம்தான், அதைச் சமையலறைத் தொட்டியிலோ தோட்டத்திலோ ஊற்றாமல் உங்கள் ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பழைய பிரைமரைத் தட்டி எடுக்கும் வேலையும் அப்படித்தான், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், விழுகிற பிரைமரும் கரியும் மூடிய டப்பாவுக்குள் போகட்டும்.

கராஜைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், சாதாரண வேக்குவமும் வேண்டாம், அது நுண்தூளைப் பின்பக்கமாகக் காற்றிலேயே திரும்ப விட்டுவிடும். நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் அல்லது ஈரத்துணி, அவ்வளவுதான். கைக்குச் சோப்பு போட்டால் போதும் என்று நினைப்பீர்கள், ஆனால் ஈயத்தைச் சோப்பு முழுதாக எடுப்பதில்லை, அதற்கென்றே லெட் ரிமூவல் வைப்ஸ் விற்கிறார்கள், ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் கையையும் முகத்தையும் துடையுங்கள், தாடி மீசை இருந்தால் அதையும். அதற்கு முன்னால் காபி, ஸ்நாக்ஸ், சிகரெட் எதுவும் கூடாது. கூடுகளைத் தொப்பியிலோ பாக்கெட்டிலோ அள்ளிக்கொண்டு வருகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ரேஞ்சுக்குத் தனிச் செருப்பு, தனிச் சட்டை. அவற்றோடு வீட்டுக்குள் வராதீர்கள், குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வண்டிக்குள் குழந்தையின் கார் சீட் இருக்கிறதல்லவா, அந்த உடையோடு அதே வண்டியில் உட்கார்ந்து வந்த இரண்டு வருடத்தை நினைத்துப் பாருங்கள். வண்டியையும் துடைத்தெடுக்க வேண்டும். வாசலுக்கு ஓடி வருகிற பிள்ளையைக் குளித்த பிறகுதான் தூக்க வேண்டும். இது மனசுக்குக் கஷ்டம்தான், எனக்கும் தெரியும், ஆனால் பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும், சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேர்ந்துவிடும்.

உங்களுக்குத் தொந்தரவு ஒன்றும் தெரியாதது எனக்கு ஆச்சரியமில்லை. இந்த அளவில் பலருக்கும் வெளியே எதுவும் தெரியாது, உள்ளே ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் மெதுவாகப் பாதிக்கப்படும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருடங்களுக்கு அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசியும். அதனால் பிரசவம் ஆகும் வரையாவது சுடுவதையும் ரீலோடிங்கையும் முழுதாக நிறுத்துங்கள் என்பது என் கருத்து. ஈயத்தை இறக்குகிறோம் என்று சொட்டு மருந்து, ஈயத்தைப் பிடித்து உடம்பிலிருந்து வெளியேற்றும் கீலேஷன் மாத்திரை விற்கிறவர்களிடம் போகாதீர்கள், உங்கள் அளவுக்கு அந்தச் சிகிச்சை தேவையில்லை, அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. பால் ஈயத்தைக் கழுவி வெளியே தள்ளாது. கால்சியமும் இரும்பும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பது மட்டும் உண்மை, அதனால் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள், குழந்தைக்கு இரும்புச் சத்தும் பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள், கை நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்தில். விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் ஈயமே கலந்து அளவைக் கூட்டிக் காட்டலாம். எல்லாம் நிறுத்தியும் எண் இறங்கவில்லை, அல்லது துப்பாக்கி பக்கமே போகாத மனைவிக்கு அதிகமாக இருக்கிறது என்றால் அடுக்களையையும் பாருங்கள். ரசத்துக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பு இருக்கிறதா? அது வெள்ளீயத்தில், அதாவது டின்னில், செய்ய வேண்டியது, நாம் இதுவரை பேசிய ஈயமான காரீயம் கலந்து விற்பதும் உண்டு, புளித்தண்ணீர் கொதிக்கும்போது அந்தக் காரீயம் ரசத்தில் இறங்கும். சோதித்துப் பார்க்கும் வரை அந்தச் சொம்பை அடுப்பில் வைக்க வேண்டாம்.