நாய் உண்ணி கடித்தால் காய்ச்சல் வருமா?

கேள்வி: போளூர் பக்கம் ஒரு கிராமத்தில், கொல்லையை ஒட்டியே எங்கள் வீடு. நாய் ஒன்று, மாடு இரண்டு, கொஞ்சம் ஆடுகள் வளர்க்கிறோம். இந்த மழைக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் உண்ணி. சுவரில் ஏறுகிறது, பாயில் கிடக்கிறது. ஆறு வயது மகனின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒன்றைப் பிடுங்கினேன், அதன் தலை உள்ளேயே தங்கிவிட்டது. யூடியூபில் லைம் நோய், மூளைக் காய்ச்சல், இறைச்சி ஒவ்வாமை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தை மகன் தலையில் கொஞ்சம் தேய்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். முன்னெச்சரிக்கையாகச் சாப்பிட டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார். போன மார்கழியில் பக்கத்து வீட்டு அத்தை, ஒன்பது நாள் காய்ச்சலுக்குப் பிறகு, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்து இறந்துபோனார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: முதலில் அந்த மாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை மகன் தலையில் ஒரு சொட்டுகூடத் தேய்க்கக் கூடாது. கால்நடைகளுக்கு விற்கும் உண்ணி மருந்துகளில் அமிட்ராஸ் என்று ஒன்று உண்டு. அது உள்ளே போனால் குழந்தை அப்படியே மயங்கிச் சரியும், இதயத்துடிப்பு குறையும், மூச்சு மெதுவாகும். இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. மற்ற உண்ணி மருந்துகளும் பூச்சிக்கொல்லிகள்தான். பேனுக்கும் உண்ணிக்கும் இதைப் பிள்ளைகள் தலையில் தேய்ப்பது கிராமங்களில் நடக்கிற விஷயம் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். பாட்டிலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மீதி மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருவோம். சுவரில் ஏறும் ஒவ்வொரு உண்ணியையும் பார்க்கும்போது உங்களுக்கு அந்த அத்தையின் நினைவு வருகிறது. ஆனால் நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சொன்னால், பெரும்பாலும் அது ஸ்க்ரப் டைபஸ். சுவரில் ஏறும் உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாயிடமிருந்தோ ஆட்டிடமிருந்தோ அது வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது அது. அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வெறும் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. கடிப்பதும் தெரியாது, வலிக்காது. எலிகளின் உடம்பில் நிணநீரை உறிஞ்சி வாழ வேண்டியது, விறகு பொறுக்கப் போன மனிதர் மேல் ஏறிவிடுகிறது. கடித்து ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் எங்கே உட்கார்ந்தோம், எந்தப் புதரில் நுழைந்தோம் என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதனால் நீங்கள் பயத்தோடு எண்ணிக்கொண்டிருக்கும் உண்ணிகளால் அந்த ஆபத்து இல்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரியாத பூச்சியிடம் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. உங்களால் கண்டுபிடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று, அதைத்தான் இந்தப் பதிலிலிருந்து நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியிலிருந்து மாசி வரை உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், உடம்பு முழுவதும் துணி விலக்கிப் பாருங்கள். தேட வேண்டியது ஒரு சின்னக் கருப்புப் பொருக்கு. பீடி நெருப்பு பட்டுக் கருகியது போல, நடுவில் கருப்பாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே அது இருப்பது தெரிவதில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, தொப்புள், காதுக்குப் பின்புறம், பிட்டம், பாவாடை நாடா கட்டும் இடுப்பு, ஆண்களுக்கு விதைப்பை, குழந்தைகளுக்கு அரைஞாண் கயிறு படும் இடம். துணி இறுக்கும் இடத்தில் வந்து நின்று கடிப்பது அந்தப் பூச்சியின் வழக்கம். வியர்வையில் நனையும் மடிப்புகளில் பொருக்குக் கருக்காமல், வெளிறிய சின்னப் புண்ணாகவும் இருக்கலாம். பக்கத்தில் நெறி கட்டியிருக்கும்.

இந்தப் புண் மறைவான இடத்தில் இருப்பதுதான் பெரிய சிக்கல். நம் பெண்கள் டாக்டரிடம் கைநாடியைக் காட்டுவார்கள், நாக்கைக் காட்டுவார்கள், மார்புக்கடியில் இருப்பதைக் காட்ட மாட்டார்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் டாக்டரும் துணி விலக்கிப் பார்ப்பதில்லை. இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. வீட்டிலேயே நீங்கள் உங்கள் மாமியாருக்குப் பாருங்கள், உங்களுக்குக் கணவர் பார்க்கட்டும். இருந்தால் டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக, “இந்த இடத்தில் கருப்புப் பொருக்கு இருக்கிறது” என்று சொல்லுங்கள். ஒரு நர்ஸம்மா பார்த்துச் சொன்னாலும் போதும். அந்த ஒரு வாக்கியம் பல பரிசோதனைகளைவிட மேலானது.

பொருக்கு இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் அது வருவதில்லை. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் நிற்கிறது, கடும் தலைவலியும் உடம்பு வலியும் இருக்கிறது என்றால் கொல்லை வேலை, ஆடு மேய்ப்பது, விறகு எடுப்பது எல்லாவற்றையும் சொல்லி, “ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?” என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்த ஒன்பது நாள்தான். உங்கள் அத்தையின் கேஸ் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒன்பது நாள் வழக்கமாக எப்படிப் போகிறது என்று தெரியும். முதல் இரண்டு நாள் மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால். அப்புறம் ஊரில் ஓர் ஊசி. டெங்கு பரிசோதனையில் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகத் திரும்பிவிடுவார்கள். காய்ச்சல் நிற்காமல் மறுபடியும் போனால் டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை. நம்பகமில்லாத பரிசோதனை அது, பலருக்குப் பாஸிட்டிவ் என்று காட்டும். உடனே டைபாய்டு என்று செஃபிக்ஸிம் மாத்திரையோ செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியோ ஓடும். ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அமாக்ஸிசிலினும் இந்த செஃப் வகை மருந்துகளும் அதை ஒன்றும் செய்யாது. ஊசி ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கும், நோய் இன்னொரு பக்கம் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது வாரத்தில் மூச்சுத்திணறலோடு வருகிறவர்களைத்தான் நாங்கள் ஐசியூவில் பார்க்கிறோம். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. ஏனென்றால் இதற்கு மருந்து உண்டு, அதுவும் விலை மிகக் குறைந்த மருந்து. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும்.

அந்த மருந்து, உங்கள் கணவர் வாங்கி வைத்திருக்கும் அதே டாக்ஸிசைக்ளின்தான். உடனே சாப்பிட்டுவிடாதீர்கள். உண்ணி கடித்தது, அதனால் ஒரு மாத்திரை என்று போட்டுக்கொள்வதில் எந்தப் பலனும் இல்லை. காய்ச்சல் வந்த பிறகு இரண்டு மாத்திரை போட்டு, சரியானதும் நிறுத்துவது அதைவிட மோசம். காய்ச்சல் குறைந்து நோய் மறைந்திருக்கும், அப்புறம் திரும்பும். டாக்டர் பார்த்து, எடைக்கும் வயதுக்கும் ஏற்ப எழுதிக் கொடுத்த நாள் வரை முழுமையாகச் சாப்பிட வேண்டும், பெரும்பாலும் ஏழு நாள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம். குழந்தைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் மஞ்சளாகிவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்தலாம். ஒரு வாரத்துக்குக் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை. டாக்டர் எழுதினால் தயங்காமல் கொடுங்கள்.

நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் இரத்தக் குழாய் வழியாகச் சேர்த்தே கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்பதை 2023-இல் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. சுமார் 800 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. உங்கள் வீட்டிலிருந்து வேலூர் எவ்வளவு தூரம்? இந்த நோயைப் பற்றி உலகமே கவனிக்கும் வேலை உங்கள் பக்கத்து ஊரில் நடக்கும்போது, நீங்கள் யூடியூபில் அமெரிக்க நோயைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், உளறினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், சிறுநீர் குறைந்தால், கண் மஞ்சளானால், கருப்புப் பொருக்கைத் தேடிக்கொண்டிருக்கவே வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லைம் நோய், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரின் பெயரால் வந்தது. அதைப் பரப்பும் உண்ணி வேறு இனம், உங்கள் நாய் மேல் இருப்பது அது அல்ல. மறந்துவிடுங்கள். இறைச்சி ஒவ்வாமையையும் மறந்துவிடுங்கள். குரங்குக் காய்ச்சல் என்று ஒன்றும் உங்களுக்கு யூடியூபில் வந்திருக்கும். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்தது, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஒட்டி வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. போளூரில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

மகன் கழுத்தில் தங்கியிருப்பது உண்ணியின் வாய்ப்பகுதி, தலை அல்ல. ஊசி வைத்துக் குத்திக் கிளறாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள், சில நாளில் தோலே அதை வெளியே தள்ளிவிடும். சின்னதாக ஒரு முடிச்சு சில வாரம் இருக்கலாம். சீழ் வைத்தால் மட்டும் காட்டுங்கள். அடுத்த தடவை உண்ணி ஒட்டினால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். கூர்முனை உள்ள இடுக்கியால் தோலை ஒட்டியே பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். நசுக்காதீர்கள்.

நாய் உண்ணியால் நோயே வராது என்று நான் சொல்லவில்லை. அதனாலும் ஒரு காய்ச்சல் உண்டு, அபூர்வமாக வரும். உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்து, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும். இதற்கும் அதே டாக்ஸிசைக்ளின்தான். எனவே மகனுக்கு அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் தடிப்பு, பொருக்கு இரண்டையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். காய்ச்சல் வராவிட்டால் அவனுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. திண்ணையில் ஆட்டுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கும் பிள்ளைகளின் காதுக்குள் உண்ணி போய் ஒட்டிக்கொள்ளும். நடு இரவில் காது வலி என்று அலறினால் எண்ணெய், மண்ணெண்ணெய், பூண்டுச் சாறு என்று எதையும் ஊற்றாதீர்கள், ஹேர்பின்னை உள்ளே விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவி வைத்து எடுத்துவிடுவார். தாமதித்தால் முகம் ஒரு பக்கம் கோணுவதுகூட உண்டு. உங்கள் மகனைக் கட்டிலில், கொட்டகையை விட்டுத் தள்ளிப் படுக்க வையுங்கள்.

வீட்டைச் சுற்றி இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஸ்க்ரப் டைபஸுக்காக, வீட்டை ஒட்டிய புதரையும் உயரமான புல்லையும் வெட்டுங்கள், விறகை வீட்டுக்குள் அடுக்காதீர்கள், எலி தங்கும் குப்பைமேட்டை அகற்றுங்கள். துவைத்த துணியை வேலிமேலும் செடிமேலும் உலர்த்தும் பழக்கத்தை விட்டுவிட்டுக் கொடி கட்டுங்கள், இதற்குக் காசே செலவில்லை. கொல்லையில் வெறும் தரையில் உட்கார வேண்டாம், ஒரு சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். மலம் கழிக்கப் புதர்ப் பக்கம் போகாமல் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். கொல்லையிலிருந்து வந்ததும் சோப்பு தேய்த்துக் குளித்து, உடுத்தியிருந்ததை அப்போதே துவைக்கப் போட்டுவிடுங்கள். கடிக்க இடம் தேடி உடம்பில் ஊர்ந்துகொண்டிருக்கும் பூச்சி அதிலேயே போய்விடும்.

சுவரில் ஏறும் உண்ணிக்கு வைத்தியம் நாயிடமும் சுவரிலும் இருக்கிறது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மட்டும் ஒரு தடவை மருந்து போட்டால் அடுத்த மாதமே திரும்பிவிடும். வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒரே நேரத்தில், கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவில், கையுறை போட்டுக்கொண்டு போடுங்கள், அவர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும் போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் நாய் மருந்தை அதற்குப் போடாதீர்கள், செத்துவிடும்.

நாயை எங்கும் கொண்டுபோய் விட வேண்டாம். அதைத் துரத்தினாலும் சுவரிலிருக்கும் உண்ணி போகாது, பசியில் உங்கள் பாயைத்தான் தேடி வரும். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைப் பற்றிச் சொல்வார்கள், உங்கள் ஊருக்கு என்றைக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.