திருவனந்தபுரம் டு துபாய்: டிக்கெட்ல காட்டுற நேரமும் நெசமான நேரமும்

தம்பி, திருவனந்தபுரத்துல விடியக்கால 4.30க்கு ஏறி துபாய்ல காலைல 7 மணிக்கு எறங்குதுன்னு டிக்கெட்ல போட்டிருக்கு, ரெண்டரை மணி நேரத்துல வந்துரலாமா, எவ்ளோ தூரம்னு கேட்டிருந்தியே, ரெண்டரைல வராது மக்கா. ஏறுற நேரம் நம்மூரு மணி, எறங்குற நேரம் துபாய் மணி, துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால, அத கூட்டுனா 4 மணி நேரம். ஊருக்குத் திரும்பும்போது தலைகீழா இருக்கும், ராத்திரி 9க்கு ஏறுனா விடியக்கால 2.30ன்னு காட்டும், ஒன்றரைய கழிச்சா அதுவும் அதே 4 மணி நேரந்தான். தூரம் நேரா பாத்தா 2,950 கிலோமீட்டர் வாக்குல வரும். டிசம்பர், ஜனவரில மேல மேற்குக் காத்து பலமா அடிக்கும், அத எதுத்து வரணும்லா, அதனால இங்க துபாய்க்கு வாறதுக்கு கொஞ்சம் கூடுதலாவும். அதுக்கெல்லாம் மண்டைய ஒடைக்காண்டாம்.

நேரம் போறது ரோட்டுலதான் கேட்டியா. நம்ம மார்த்தாண்டத்துல இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் 40 கிலோமீட்டர் சொச்சந்தான், ஆனா பகல்ல பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியா பழைய ரோட்டுல போனா பாலராமபுரம் முக்குல வண்டி நவுராது. காரோடுங்கற ஊர்ல இருந்து போற பைபாஸ்ல ஏறிட்டா நேரா சாக்கைல கொண்டு விடும், வெளிநாட்டு பிளைட்டு அந்த சாக்கை பக்கத்து டெர்மினல்லதான். டிரைவர்கிட்ட ஏறும்போதே சொல்லிரு, சங்குமுகம் பக்கம் உள்நாட்டு டெர்மினல்ல கொண்டு எறக்கிட்டான்னா நடுவுல ரன்வே கெடக்கு, மொத்தமா சுத்தி வரணும்.

ஆறாட்டு தெரியும்லா, சாமிய கடல்ல குளிப்பாட்டுற திருவிழா, பங்குனிலயும் ஐப்பசிலயும் பத்மநாபசாமி கோயில் ஊர்வலம் ரன்வே வழியாத்தான் சங்குமுகம் கடலுக்குப் போவும், அன்னைக்கு சாயங்காலம் நாலஞ்சு மணி நேரம் ஒரு பிளைட்டும் ஏறாது எறங்காது. உலகத்துல வேற எங்கயாச்சும் சாமிக்காக ஏர்போர்ட்ட மூடுவாங்களான்னு இங்க உள்ள பிலிப்பைன்ஸ்காரங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க. அந்த நாள் டிக்கெட்னா டைம் மாறியிருக்கான்னு பாத்துக்கோ.

அப்புறம் தேதி. 15ஆம் தேதி விடியக்கால 4.30ன்னா 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்ட கையோட கெளம்பணும், 15 ராத்திரி போய் நிக்காத, அப்படி நின்னு அழுத ஆளுங்க நெறைய உண்டு. 3 மணி நேரம் முன்னாலயே போயிரு, பிளைட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டர மூடிருவாங்க. அம்மா மசாலாவோட கசகசா கட்டித் தந்தா வேண்டாம்னு சொல்லிரு, இங்க அது தடை, போதைப் பொருள் கேஸ் ஆயிரும்.

துபாய்ல டெர்மினல் 1, 3ன்னா மெட்ரோ வாசல்லயே இருக்கு. டெர்மினல் 2ன்னா மெட்ரோ கெடையாது, பெட்டியோட டாக்ஸிதான் புடிக்கணும், அதையும் சேத்து பாத்தா வீட்டு வாசல்ல இருந்து ரூமுக்கு 10 மணி நேரம்னு வச்சுக்கோ. பிளைட் நம்பர அனுப்பு, எந்த டெர்மினல்னு பாத்து சொல்லுதேன்.