டச்சு பேசும் பகுதிகளின் பண்பாடு, அடையாளம் பற்றிப் படிக்க டச்சு மொழி அவசியமா? அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே?

அவசியம். ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் "எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே" என்று நீங்கள் எழுதியிருப்பது என் பழைய புண்ணைக் கிளறிவிட்டது.

நீங்கள் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் என்று வைத்துக்கொள்கிறேன். ஏதோ ஓர் ஆலோசனை மையத்தில் உங்களிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னது இன்னும் மோசம்: "பெல்ஜியமா? பிரெஞ்சு போதும்."

2013இல் என் மனைவிக்கு பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. நான் வங்கி வேலையை விட்டுவிட்டு அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு போனவன். (இதைப் பற்றி என் சித்தப்பா சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.) போவதற்கு முன் ஆறு மாதம், சனி ஞாயிறு தவறாமல், பணம் கட்டிப் பிரெஞ்சு படித்தேன். போய் இறங்கிய மூன்றாம் நாள், தெருமுனை ரொட்டிக்கடையில் என் முறை வந்ததும், மனப்பாடம் செய்த பிரெஞ்சு வாக்கியத்தைப் பிசிறில்லாமல் சொன்னேன். கல்லாவில் இருந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. டச்சில் ஏதோ கேட்டார். நான் மறுபடியும் பிரெஞ்சு. ரொட்டியைத் துண்டு போடும் இயந்திரத்தைக் கையால் காட்டி, "வெட்டித் தரவா, அப்படியே தரவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அந்த அம்மாளுக்குப் பிரெஞ்சு தெரியாமல் இல்லை. அங்கே பள்ளியில் அது கட்டாயப் பாடம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கீழ்த்தளத்தில் குடியிருந்த எங்கள் வீட்டுக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் 1968இல் லூவனில் மாணவர். 1425இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது பெல்ஜியத்தின் வடபாதியான, டச்சு பேசும் பிளாண்டர்ஸ் பகுதியில். ஆனால் அங்கே பிரெஞ்சுப் பிரிவும் இருந்தது. "வலோனியர்களே (அதாவது தெற்கே பிரெஞ்சு பேசுபவர்களே), வெளியேறுங்கள்" என்று டச்சு பேசும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காக மொழி எல்லைக்கு அப்பால் லூவன்-லா-நூவ் என்ற புதிய ஊரையே கட்டினார்கள். நூலகத்தையும் பங்கு பிரித்தார்கள்: ஒற்றைப்படை எண் புத்தகங்கள் இங்கே, இரட்டைப்படை எண் புத்தகங்கள் அங்கே. 1914இலும் 1940இலும் போரில் எரிந்து, மறுபடி சேர்த்த நூலகம் அது. சகோதரர்கள் பாத்திரம் பண்டம் பிரித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அகராதித் தொகுதிகளை ஒன்றுவிட்டு ஒன்று பிரித்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைச் சொல்லி, "நாமெல்லாம் ஒரே கட்சி" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "உங்கள் மொழிக்காரர்கள் உங்கள் நாட்டில் சிறுபான்மை. நாங்கள் பெரும்பான்மை" என்றார். பெல்ஜியம் 1830இல் உருவானதிலிருந்தே டச்சு பேசுபவர்கள்தான் அதிகம். அப்படியிருந்தும் நீதிமன்றம், ராணுவம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. கென்ட் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சுக்கு மாறியதே 1930இல்தான். கென்ட், ஆன்ட்வெர்ப் பணக்காரக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே பிரெஞ்சு பேசின. ஆக, ரொட்டிக்கடை அம்மாளுக்கு என் பிரெஞ்சு வெளிநாட்டு மொழியாகக் கேட்டிருக்காது, மாடிவீட்டு மொழியாகக் கேட்டிருக்கும். நம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அதன் பிறகு பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் டச்சுக்குச் சேர்ந்தேன். இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒரு நாள் பெரியவரின் சமையலறையில், பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்த ஒல்லாந்தர் எங்கள் மொழியில் விட்டுப்போன சொத்து என்று 'துட்டு', 'கக்கூஸ்' இரண்டையும் சொன்னேன். 'கக்கூஸ்' அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அமாய்!" என்று (நம் 'அம்மாடி' போல, பிளாண்டர்ஸ்காரர்களின் வியப்புச் சொல்) கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றுதான் 1968இன் மீதிக் கதையைச் சொன்னார், டச்சில். அவர் தங்கியிருந்த வீட்டில் அடுத்த அறைக்காரன் பிரெஞ்சுப் பிரிவு மாணவன். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். ஊர்வலத்தில் இவர் கோஷம் போட்டதை அவன் பார்த்துவிட்டான். அடுத்த நாள் முதல் தன் வாணலியைக் கழுவி அறைக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொண்டான். "கோரிக்கை சரிதான். அந்த 'வெளியேறுங்கள்' வாக்கியம் சரியில்லை" என்றார். ஆங்கிலத்தில் எனக்குச் சொன்ன கதையில் இந்த வாணலி இல்லை.

இதற்கு "ஒரு கிழவரின் கதையை வைத்து ஒரு சமூகத்தையே எடைபோடுவதா" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். நான் பேராசிரியர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்திலேயே நல்ல ஆய்வுகள் இருக்கின்றன என்பதும் தெரியும். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நெதர்லாந்து வேறு கதை. முதலில் அதை ஹாலந்து என்று எழுதாதீர்கள், பன்னிரண்டு மாகாணங்களில் இரண்டின் பெயர் அது. வடக்கே ஃபிரிஸ்லாந்தில் டச்சோடு ஃபிரிஸ்ய மொழியும் ஆட்சிமொழி. 1975இல் விடுதலை பெற்ற சூரினாமிலும் டச்சுதான் ஆட்சிமொழி. 'டச்சு அடையாளம்' என்று ஒருமையில் தலைப்பு வைத்தால் நேர்காணலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பெரியவர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வீட்டு அட்வான்ஸை உரிமையாளர் கையில் கொடுக்கவில்லை. என் பெயரிலேயே வங்கியில் ஒரு முடக்கப்பட்ட கணக்கு. காலி செய்தபோது இருவரும் கையெழுத்துப் போட்டோம், பணம் வந்துவிட்டது. சென்னைக்குத் திரும்பிப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன். காலி செய்து ஏழு மாதம் ஆகிறது. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைச் சென்னை வீட்டுக்காரர் கழித்தார், போகட்டும். மீதிக்கு "அடுத்த வாரம்" என்கிறார். எந்த அடுத்த வாரம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் யாரிடம் சொல்வது?

விண்ணப்பிப்பதற்கு முன்பே டச்சைத் தொடங்கிவிடுங்கள். நெதர்லாந்தில் உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். உதவுகிறோம் என்றுதான் நினைப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். "நேடர்லான்ட்ஸ், அல்ஸ்துப்லீஃப்ட்" (டச்சில், தயவுசெய்து) என்று சொல்லுங்கள். மூன்றாவது முறை சொன்னால் வழிக்கு வருவார்கள்.