பூஞ்சை பிடித்த பழைய புத்தகங்களை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, பைண்டிங் கொடுத்துவிடலாமா?

குமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் ஓட்டு வீடு. மச்சில் இருந்த மரப்பெட்டிக்குள் தாத்தா சேர்த்த புத்தகங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஓய்ந்தபின் திறந்தால் வெள்ளைப் பூஞ்சை, சிலவற்றில் துளை, பலவற்றுக்கு முதுகு கழன்றிருக்கிறது, பாதிக்கு அச்சான ஆண்டே தெரியவில்லை. மொத்தமாக பைண்டிங் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் பழைய புத்தகத்தைக் கெடுப்பது முதலில் ஈரம், அதற்கடுத்து அவசரமான பைண்டிங். ஈரத்தில் கெட்டதைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். கட்டிங் மெஷினில் போன ஓரம் போனதுதான்.

பூஞ்சையில் தொடங்குவோம். புத்தகங்களை வீட்டுக்குள் பிரிக்க வேண்டாம், வித்துகள் அறை முழுக்கப் பரவும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, நிழலான திண்ணையிலோ தார்சாவிலோ வையுங்கள். விரலால் தொட்டால் பூஞ்சை ஈரமாக இழுபடுகிறதா, பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். இழுபட்டால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. துடைத்தால் தாளுக்குள்ளேதான் போகும். அப்படிப்பட்டதை நிமிர்த்தி, தாள்கள் விசிறிபோல் விரிய நிறுத்தி, ஃபேனை நேராக அடிக்காமல் அறைக் காற்று சுழலும்படி ஓடவிட்டு இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். பொடியான பிறகு, மென்மையான முடி உள்ள 2 அங்குல பெயிண்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி மட்டும் தள்ளுங்கள். ஈரத்துணி, டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். வெயிலிலும் போடாதீர்கள். பூஞ்சை சாகிறதோ இல்லையோ, அட்டை முறுகும், தாள் பழுக்கும், துணியின் சாயம் வெளுக்கும். கறை அப்படியே நிற்கும், நிற்கட்டும். கறையைப் போக்க வெளுப்பான் போடுவது தாளின் நாரையே அறுக்கும் வேலை.

நனைந்தே போன புத்தகம் இருந்தால் கணக்கு வேறு. 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். 10 தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட் செருகி, அது நனைய நனைய மாற்றுங்கள். படங்கள் உள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பரை மட்டும் காத்திருக்க விடக்கூடாது. அந்தப் பூச்சு உலரும்போது தாளோடு தாள் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரிக்கவே வராது.

துளைகளைப் பற்றி. தாளின் மேற்பரப்பைச் சுரண்டியது போல ஒழுங்கற்ற தேய்வு இருந்தால் அது இராமபாணப் பூச்சி. உருண்டையான சிறு துளை பக்கம் பக்கமாக ஊடுருவிப் போனால் வண்டின் புழு. மண் ஒட்டியிருந்தால் கரையான். அப்போது பார்க்க வேண்டியது பெட்டியையும் சுவரையும். துளை பழையதா, புழு இன்னும் இருக்கிறதா என்று அறிய, புத்தகத்தை ஒரு கறுப்புத் தாளின்மேல் வைத்து ஓரிரு வாரம் விடுங்கள். மாவுபோல் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மருந்து தேவையில்லை, ஃபிரிட்ஜின் ஃபிரீசர் போதும். நன்றாக உலர்ந்த புத்தகத்தை இரண்டு பாலித்தீன் உறைகளில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் உறையைத் திறக்கவே கூடாது. நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த புத்தகத்தைத் திறந்தால் அட்டை மேலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும், விரட்டிய பூஞ்சை திரும்ப வரும். ஓலைச்சுவடி எதுவும் பெட்டியில் இருந்தால் அதை ஃபிரீசரில் போடாதீர்கள்.

அந்துருண்டை வேண்டாம். ஆவி உடம்புக்குக் கெடுதல், நாற்றம் தாளை விட்டுப் போகாது, பூஞ்சையைத் தடுக்கவும் செய்யாது. வசம்பும் வேப்பிலையும் ஓரளவுக்குத்தான். வேப்பிலையைப் பச்சையாக வைப்பவர்கள் ஈரத்தைக் கொண்டுபோய் உள்ளே வைக்கிறார்கள்.

திரும்ப அடுக்கும் இடம்தான் பாதி வைத்தியம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்தால் ஊகம் மிச்சம். அலமாரி மேற்குச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, சாரல் வாங்கும் சுவர் அது. எந்தச் சுவரானாலும் 3 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து கீழ்த்தட்டு அரை அடி உயரத்தில் இருக்கட்டும். தட்டில் செய்தித்தாள் விரிக்கும் வழக்கத்தை விடுங்கள், அதன் அமிலம் புத்தகத்துக்கு ஏறும். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் வைப்பது வீண். உலகத்தையே உலர்த்தப் பார்க்கிற வேலை. இறுக்கமாக மூடும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் அரைக் கிலோ வைத்தால் அருமையான சில புத்தகங்களுக்கு அது உதவும். நிறம் மாறியதும் 110 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். துணியில் பொதிந்து வைப்பதானால் கஞ்சி முழுக்கப் போகத் துவைத்த கோடித்துணி. கஞ்சி இருந்தால் இராமபாணத்துக்கு விருந்து.

இனி ஒட்டும் வேலை. அதற்குமுன் தாளைச் சோதியுங்கள். அச்சில்லாத ஒரு மூலையை மெதுவாக முன்னும் பின்னும் மடியுங்கள். முதல், இரண்டாம் மடிப்பிலேயே ஒடிந்தால் அந்தப் புத்தகத்தைத் தைக்கவும் வேண்டாம், அழுத்தித் திறக்கவும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்து படிகாரமும் குங்கிலியமும் சேர்த்த தாள்கள் தமக்குள்ளேயே அமிலம் சுரந்து இப்படி ஆகின்றன. அதனால்தான் கந்தல் துணித் தாளில் அச்சான 1840ஆம் ஆண்டுப் புத்தகம் வளைந்துகொடுக்க, 1940ஆம் ஆண்டுப் புத்தகம் அப்பளமாக நொறுங்குகிறது. ஒடிகிற புத்தகத்தை 90 டிகிரிக்குமேல் விரிக்காமல் இருபுறமும் தாங்கல் கொடுத்துப் படமெடுத்து, பெட்டியில் வைத்துவிடுவதே மரியாதை.

தாள் தாங்கும் என்றால் பசை காய்ச்சலாம். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலப்பார்கள். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் செம்பு தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும், பழுப்பேறும். மைதாவில் உள்ள புரதமும் நாளாக நாளாகக் கருக்கும். தேவை வெறும் மாப்பொருள். நம் ஊரில் அதற்குக் கஷ்டமே இல்லை, கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவு கிடைக்கிறது. அல்லது அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது போல மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கசக்கி, கையில் நிற்கும் ரப்பர் போன்றதை எறிந்துவிட்டு, அடியில் படியும் வெள்ளையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு மாவு, 5 பங்கு தண்ணீர். அரை மணி ஊறவிட்டு, சிறு தீயில் கைவிடாமல் 15 முதல் 20 நிமிடம் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, முழுதும் ஆறியபின் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேயுங்கள். கிழிசலுக்கு அதை மோர்ப் பதத்துக்கு இளக்குங்கள், முதுகுக்குக் கெட்டியாகவே இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். புளித்த வாடை வந்ததும் கொட்டிவிடுங்கள்.

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு, ஃபெவிகால் இல்லையா என்பீர்கள். இந்தப் பசை காய்ந்து 50 ஆண்டு ஆனாலும் ஈரம் வைத்தால் இளகிக் கழன்றுவிடும். ஃபெவிகால் காய்ந்துவிட்டால் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. செலோடேப் அதைவிட மோசம்: நாடா தானே உதிர்ந்துவிடும், எண்ணெய்க் கறை மட்டும் எழுத்தின்மேல் தங்கிவிடும்.

ஒட்டுப்போட 9 முதல் 12 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்) எடையுள்ள ஜப்பானியத் தாள் வேண்டும், இணையத்தில் வாங்கலாம். கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து அந்தக் கோட்டில் பிய்த்தால் ஓரத்தில் நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் பிடிப்பு, ஒட்டிய இடமும் மேடு தட்டாது. கிழிசலின் இரு விளிம்புகளையும் முதலில் பொருத்திப் பார்த்து, 6 மில்லிமீட்டர் அகலத் துண்டில் மெல்லப் பசை தடவி வைத்து, மேலும் கீழும் பசை ஒட்டாத பேக்கிங் தாள் (கேக் சுடும்போது விரிப்பது), அதற்கு வெளியே உறிஞ்சுதாள், மேலே ஒரு கிலோ எடை. 5 நிமிடத்தில் உறிஞ்சுதாளை மாற்றுங்கள், அரை மணியில் இன்னொரு முறை, பிறகு ராத்திரி முழுக்க அப்படியே. பசை அதிகமானால் சுற்றியுள்ள தாள் சுருங்கி அலையலையாகும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். கையெழுத்து, முத்திரை உள்ள இடத்தில் ஒட்டுமுன் ஒரு புள்ளியில் ஈரப் பஞ்சு வைத்துப் பாருங்கள். பழைய நகல் பென்சில் எழுத்து காய்ந்திருக்கும்போது கரியாகத் தெரியும், நீர் பட்டதும் ஊதாவாக ஓடும்.

பாட்டுப் புத்தகம், ஜெபப் புத்தகம், கோயில் மான்மியம் போன்ற மெல்லிய புத்தகங்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கும். கடல் காற்றுக்கு அது தப்பாது. பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்பக்கம் மடிந்த கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, வெளிப்புறமிருந்து தூக்குங்கள். துருப்பொடியைத் துலக்கிவிட்டு நூலால் தையுங்கள். நடு மடிப்பில் மேல், நடு, கீழ் என மூன்று துளைகள். பழைய துளை தாங்கினால் அதுவே போதும். புத்தக உயரத்தின் இரண்டரை மடங்கு பருத்தி நூல், தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தது. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல் துளையில் உள்ளே, நடுவைத் தொடாமல் நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. நூலின் இரு முனைகளும் நீளத் தையலின் இரு பக்கமும் இருக்கும்படி பார்த்து அதன்மேல் முடிச்சுப் போடுங்கள். மடிப்பை நோக்கி இழுக்காமல் முதுகின் நீளவாக்கில் இழுத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் நூல் தாளை அறுத்துவிடும்.

பெரிய புத்தகத்தில் அட்டை ஆடுகிறது, ஆனால் உள்தையல் உறுதியாக இருக்கிறதென்றால் பைண்டர் தேவையில்லை. பின்னல் ஊசியில் கெட்டிப் பசை தடவி, அட்டைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இணைப்புக்குள் உருட்டி, மெழுகுத்தாள் செருகி, மூடி, ராத்திரி எடை வையுங்கள்.

பாரங்களே (சேர்த்து மடித்த தாள் கட்டுகள்) கழன்று தையல் அறுந்ததை மட்டும் பைண்டரிடம் கொண்டுபோங்கள். பக்கத்தில் நின்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஓரம் வெட்டக் கூடாது. ஒவ்வொரு பைண்டிங்குக்கும் 3, 4 மில்லிமீட்டர் போகும். ஓரக்குறிப்பும் பக்க எண்ணும் அதோடு போகும். இரண்டு, பாரம் பாரமாக மடிப்பில் தைக்க வேண்டும். பக்கவாட்டில் துளைபோட்டுத் தைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் புத்தகம் விரியாது, விரித்தால் பழைய தாள் துளை வரிசையிலேயே ஒடியும். மூன்று, பழைய மேலட்டையை எறியாமல் உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். ரெக்சினைவிடக் காலிகோ துணி நல்லது. கூலி கூடுதலாகக் கேட்பார். நியாயம்தான், நேரம் பிடிக்கிற வேலை.

ஆண்டு தெரியாதவற்றைப் பற்றிக் கேட்டீர்கள். நம் எல்லைப் பகுதியில் சேகரிப்பவர்களுக்குக் கிடைக்கும் தனிச் சுகம் இதில்தான் இருக்கிறது. சென்னைப் புத்தகத்தில் இல்லாத தடயங்கள் இங்கே உண்டு. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) போட்டிருந்தால், ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1100 என்றால் 1924–25. விலை சக்கரம் என்ற பழைய நாணயத்தில் இருந்தால் திருவிதாங்கூர்ப் பதிப்பு. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்) என்று முகவரி இருந்தால் 1949 ஜூலைக்கும் 1956 அக்டோபருக்கும் இடைப்பட்டது, ஏனென்றால் 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டன. நயா பைசா என்றால் 1957 ஏப்ரலிலிருந்து 1964 மே வரை. ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் போகாது. பிரபவ வருடம் என்று மட்டும் இருந்தால் 1867ஆ 1927ஆ என்று தாளும் எழுத்துருவும்தான் சொல்ல வேண்டும். லை, னை, றா பழைய வடிவில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தம்வரை பெரும்பாலான புத்தகங்கள் அப்படித்தான். நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தின் பெயர் எதிலாவது தென்பட்டால் அதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அந்த அச்சுக்கூடம் 1820களின் தொடக்கத்திலேயே இயங்கத் தொடங்கியது. அப்படிப்பட்டது கிடைத்தால் பசையைத் தொடுமுன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

வாங்கிய கடையின் முத்திரை, பள்ளிப் பரிசுச் சீட்டு, பழைய உடைமையாளர் கையெழுத்து, நடுவில் கிடக்கும் பஸ் டிக்கெட் இவற்றையெல்லாம் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள். டிக்கெட்டை மட்டும் ஓர் உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். அங்கேயே விட்டால் அதன் அமிலம் பக்கத்தில் பழுப்புச் சதுரமாகப் பதியும். நீங்கள் கண்டுபிடித்த ஆண்டையும் அதற்கான காரணத்தையும் பின்னட்டையின் உட்புறம் 2பி பென்சிலில் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். பசையும் தையலும் தை பிறந்து மழை முழுக்க விட்டபிறகு வைத்துக்கொள்ளுங்கள். துலாமழையில் (ஐப்பசி மழையில்) ஒட்டினால் எடைக்கு அடியிலேயே பூஞ்சை வரும்.